மடை வெட்டப் போய் மாட்டிக்கொண்டேன்

பேய் இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. நானும் அப்படிப் பேசியவன்தான். திருப்பதியில் ஒரு பள்ளியில் பௌதிகம் கற்பிக்கிறேன் (அதனால் கூடுதல் திமிர்).

அந்த வருடம் விடாத மழை. ஊர்க்கோடியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்தோட்டம் கெண்டைக்கால் ஆழத்துக்குக் குளமாகிவிட்டது. நைனா (என் அப்பாதான்) கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்ட ஆறு ஒட்டு மாங்கன்றுகள் நான்கு நாளாக அதில் நின்றன. இலையெல்லாம் தொங்கிவிட்டது.

"இன்னொரு நாள் தண்ணி நின்னா வேர் அழுகிப்பூடும். அப்பறம் என் மூஞ்சில முழிக்காத" என்றார் போனில். சொன்னால் செய்வார்; ஒரு ஆட்டுக்காகச் சித்தப்பாவிடம் இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர்.

பகலில் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினால் தெருவே சண்டைக்கு வரும். அதனால் மறுநாள் விடியும் முன்பே மண்வெட்டியோடு இறங்கினேன். ஒரே பனிமூட்டம். வரப்பை வெட்டியதும் தண்ணீர் சத்தமில்லாமல் நகர ஆரம்பித்தது.

அப்போது எதிர்க்கோடியில், வாழைகளுக்கு அடியில் ஒரு சுடர் தெரிந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. தண்ணீர்மேல் சுடர் மட்டும். அது மெல்லத் திரும்பி என்னை நோக்கி வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. எங்கிருந்தோ பெண்குரல்கள் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தன. பின்வாங்கினேன். கால் பட்டு வரப்பு இன்னும் சரிந்தது. சுடர்கள் வேகமெடுத்தன.

(வெட்டிய பக்கம் தண்ணீர் ஓடும், மிதப்பதும் கூடவே வரும். வருடா வருடம் இதைத்தான் கற்பிக்கிறேன்.)

முதல் சுடர் காலில் வந்து முட்டியதும் "நைனா" என்று அலறிக்கொண்டு சேற்றில் மல்லாந்தேன். அந்தப் பக்கமும் யாரோ அலறினார்கள். சுடர்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போய்ச் சாக்கடையில் விழுந்து அணைந்தன.

மூட்டத்துக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு ராஜேஸ்வரம்மாவும் நான்கு பெண்களும் ஈரப் புடவையோடு வந்தார்கள். "நீங்களா சார்? நாங்க பயந்தே பூட்டோம்" என்றார் ராஜேஸ்வரம்மா. தெலுங்குக் கார்த்திகை முடிந்த மறுநாள் விடியலில் வாழைப்பட்டையில் விளக்கேற்றித் தண்ணீரில் விடுவது அவர்கள் வழக்கமாம். இந்த வருடம் எங்கள் தோட்டமே குளமாக நிற்கவே இங்கேயே வந்துவிட்டார்களாம். முன்னொரு காலத்தில் போலம்மா என்ற ஒருத்தி இதே நாளில்தான் சொர்க்கத்துக்குப் போனாளாம். அவளை வழியனுப்பும் விளக்காம்.

"இங்க விளக்கு வுடப்போறாங்கன்னு நேத்தே சொன்னேனே" என்றாள் கொல்லைக் கதவருகே நின்ற என் மனைவி. "போனப் பாத்துக்கினே 'ம்'ன்னீங்களே."

"பரவால்ல சார்" என்றார் ராஜேஸ்வரம்மா. ஆனால் சாக்கடையில் கிடந்த பட்டைகளைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உடம்பே கூசியது.

கன்றுகள் பிழைத்துக்கொண்டன. நைனாவும் பேசுகிறார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை. ஆட்டோக்காரர் போனில் கேட்டால்கூட மனைவி பிடுங்கிக்கொள்கிறாள்.

"அவர்கிட்ட கேக்காதீங்கண்ணா. சொர்க்கத்துக்குப் போய்க்கினு இருந்தவளையே சாக்கடைக்குத் திருப்பி வுட்டவரு."