முதல் தரமான சளி

"இது எச்சில். எனக்கு வேணும்கிறது சளி" என்று சொல்லி நர்ஸ் டப்பாவை மூடினாள். வார்டு முழுக்கக் கேட்டது. தையல்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அடுத்து பக்கத்துக் கட்டில் கண்டக்டரின் டப்பாவைத் திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, இதுதான் சளி! நெஞ்சுக்குள்ளேருந்து வந்திருக்கு. ஐயா, நீங்களும் இவர மாதிரி இழுத்து இருமணும்."

சளிக்காக ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து வயிறெரிவானா என்று கேட்காதீர்கள். தையல்காரருக்கு எரிந்தது. ஏனென்றால் அவர் மனைவி அந்தப் பக்கம் திரும்பி, "எப்படிண்ணே ஒரே இருமல்ல வருது?" என்று கேட்டுவிட்டாள்.

'அண்ணே' என்றுதான் கேட்டாள். இருந்தாலும் அதில் கொஞ்சம் சர்க்கரை கூடிவிட்டதாக அவருக்குப் பட்டது.

இரண்டு பேரும் ஒரே நாளில் காய்ச்சலும் இருமலுமாக வந்து சேர்ந்தவர்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்தபோது கண்டக்டர் கண்கூடக் கலங்கவில்லை. தையல்காரர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றுவிட்டார். அதையும் மனைவி பார்த்துத் தொலைத்தாள்.

"மூக்குல எடுத்ததுல ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியல" என்றிருந்தார் டாக்டர். "கிருமி நெஞ்சுல இருந்தா சளியிலதான் மாட்டும். சளி வரலேன்னா குழாய் விட்டுத்தான் எடுக்கணும்."

குழாய் என்றதும் தையல்காரருக்கு வேர்த்தது.

நர்ஸ் புது டப்பா ஒன்றில் அவர் பெயரை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் இருமினார். விலா வலித்தது, எச்சில் வந்தது. வெந்நீர் குடித்து இருமினார். விக்கல் வந்தது.

"அவரு சொல்ற மாதிரி குனிஞ்சு இருமுங்களேன்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே இரண்டு தடவை இருமினாள்.

"எவரு?"

"கண்டக்டர் அண்ணன்தான்."

"அவன்கிட்ட இருமக் கத்துக்கிற நிலைமைல நான் இல்ல!" வந்த எச்சிலையே துப்பி மூடி, வாசலோரத் தட்டில் கண்டக்டரின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆத்திரம் தீர முகம் கழுவப் போனார்.

கழுவக் கழுவக் குழாய் ஞாபகமே வந்தது. திரும்பி வந்தபோது கண்டக்டர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி ஜன்னலருகே நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டருகே யாரும் இல்லை.

ஆயுள் முழுக்கத் துணி கிழியாமல் தையல் பிரித்த விரல்கள் அவை. இரண்டு லேபிளையும் நகத்தால் நெம்பி எடுத்து மாற்றி ஒட்ட ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

நர்ஸ் வந்து அவர் பெயர் ஒட்டியிருந்ததை மட்டும் திறந்து பார்த்தாள். "அட! மனசு வெச்சா முடியுது பாத்தீங்களா?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏனோ தரையைப் பார்த்தாள். இனி கண்டக்டர் பெயரில் எச்சில் போகும், ஆள் மானம் கப்பலேறும் என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மாலையில் டாக்டர் வந்தார். "தையல்காரர் ஐயா, உங்களுதுல ஒண்ணுமில்ல. சாதாரணச் சளிதான். நாளைக்கு வீட்டுக்குப் போலாம்."

பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். "உங்களுதுல தொத்துக் கிருமி இருக்கு. இந்த வாரத்திலேயே இவ்வளவு நல்ல சளி வரலேன்னு லேப்ல சொல்றாங்க. உங்களத் தனி ரூமுக்கு மாத்தறோம்."

தனி அறையில் இரண்டு ஜன்னல். வாசலில் முகக்கவசம் போட்ட நர்ஸ். சக்கரக் கட்டிலில் புறப்பட்ட கண்டக்டருக்குப் பின்னால் வெந்நீர் பிளாஸ்க்கோடு ஓடியது யார் என்கிறீர்கள்? தையல்காரரின் மனைவி!

"நீ எங்க போற?"

"பாவங்க, பாக்க ஒரு ஆளில்ல" என்றாள் அவள், இருமிக்கொண்டே. இருமுவதைக்கூட அந்தப் பக்கம் திரும்பித்தான் இருமுகிறாள் என்பதை அவர் கவனித்தார்.

அவ்வளவுதான். கண்டக்டர் பெயரில் போனது தன் டப்பாதானே, எச்சில் என்று நினைத்தது சளியாகவே இருந்திருக்கிறது! தன் நெஞ்சிலிருந்து வந்த முதல் தரமான சளிக்கு இன்னொருவன் ராஜ மரியாதை வாங்குவதா? தையல்காரர் கட்டிலை விட்டுக் குதித்தார்.

"டாக்டர், நிறுத்துங்க! லேபிள மாத்தினது நான்தான். அந்த நல்ல சளி என்னுது! அந்த ரூம் எனக்குத்தான் வரணும்!"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது விளையாட்டு இல்லய்யா. தப்பான ஆளுக்கு மருந்து போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும் டாக்டர். ஆனா சளி என்னுது."

"அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?" என்றார் கண்டக்டர், செருப்பைத் தேடிக்கொண்டே.

சக்கரக் கட்டிலை இந்தப் பக்கம் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கல்யாண மாப்பிள்ளையைப் போல ஏறி உட்கார்ந்தார் தையல்காரர். மனைவியைப் பார்த்து, "இப்ப சொல்லு, யாரு சளி ஒசத்தி?" என்றார்.

அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நன்றாக இழுத்து ஒரு இருமல் இருமினாள். கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"கீழ எறங்குங்க, நான்தான் படுக்கணும்" என்றாள். "குழாய்க்குப் பயந்து நடுங்கினீங்களேன்னு, நீங்க முகம் கழுவப் போனப்ப உங்க எச்சிலக் கொட்டிட்டு அந்த டப்பாவுல துப்பினது நான்தான்."