யூன் இருபத்தேழுக்குப் பிறகு மீன் பிடிக்காத ஊர்

நான் வாசிக்காமல் விட்ட தாள் கிடையாது. கச்சான் கடலை சுற்றிவந்த பேப்பர், மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருக்கும் துண்டு, கல்யாண அழைப்பிதழின் அடியில் இருக்கும் அச்சகத்தாரின் பெயர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். ஆனால் கணினித் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தால், அதை முடிக்கவிடாமல் ‘தொடர்க’ என்பதை அழுத்திவிடுவேன். (நீங்களும் அப்படித்தான். நடிக்க வேண்டாம்.)

இந்தப் பழக்கத்தால் ஒருமுறை ஓர் ஊரின் அரை வருடத்தை அழித்தேன். அழித்ததோடு நின்றிருந்தால் மன்னிப்பு உண்டு. அந்த அரை வருடம் ஏன் இல்லை என்பதற்கு விளக்கமும் சொன்னேன், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்க்காரரின் முகத்துக்கு நேரே. அது என் மனைவியின் ஊர்.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தரவு ஆய்வு உத்தியோகத்தர். பிறந்தது சித்தாண்டியில், வயல்காரக் குடும்பத்தில். வயல் வட்டைக்குள் எந்த வரம்பு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்; மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைப் பொரித்தும் தின்னலாம், குழம்பாக ஆணம் வைத்தும் தின்னலாம் என்பதுதான். எங்கள் பகுதி வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோனேன். வாவிக்கரையில் இருக்கும் கண்ணாமுனை என்ற ஊர். மனைவி வதனியின் அப்பா, அதாவது என் மாமா, அங்கே தோணிக்காரர். அந்த ஊரில் எனக்குப் பெயர் கிடையாது. நண்டு விற்கிறவர் முதல் கோயில் பூசாரி வரை எல்லாருக்கும் நான் ‘மருமகன்’.

எங்கள் நிறுவனத்திடம் ஓர் ஐஸ் அறை இருந்தது. ஒரேயொரு ஐஸ் அறை. கேட்ட ஊர்களோ ஐந்து. மீன் விற்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஐஸ் இல்லாத கரையில் விடியற்காலை வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. ‘வேணாமெண்டா வைச்சிரிங்க’ என்பார் அவர். எங்கே வைத்திருப்பது? வெயில் ஏறினால் இறால் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே வருடம் முழுக்க எந்த ஊரில் அதிகம் மீன் படுகிறது என்று பார்த்து, அந்த ஊருக்கே அறையைக் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று.

ஊருக்கு நாற்பது தோணி. ஒவ்வொரு தோணிக்கும் ஒரு கொப்பி. நாளுக்கு ஒரு வரி. தோணி இறங்காத நாளுக்கும் பூச்சியம் போட்டு ஒரு வரி. ஒரு வருடக் கொப்பிகளையும் புது லப்டொப்பில் எக்செல் தாளில் ஊர் ஊராக, திகதி வரிசையில் ஏற்றி முடித்தபோது எழுபத்து மூவாயிரம் வரிகள் வந்தன. ஐந்து ஊரில் எந்த ஊரை முதலில் போடுவது? கண்ணாமுனையை மேலே போட்டால் ‘பெண் எடுத்த ஊரைத் தலையில தூக்கி வைச்சிட்டான்’ என்பார்கள். நேர்மையின் உச்சியில் நின்று அதைக் கடைசியில் போட்டேன். அன்று வதனியிடம் இதைப் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம்.

இனி அந்தப் புள்ளிவிவர மென்பொருளைப் பற்றி. அது எங்களுக்கு முந்திய ஏதோ ஒரு திட்டம் விட்டுப்போன சீதனம். பழைய பதிப்பு. பழைய வகை எக்செல் கோப்பைத்தான் அதற்குத் தெரியும். என்னுடைய புதுவகைக் கோப்பைக் கொடுத்தபோது, பரிசம் குறைந்த சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதுவகைக் கோப்பின் பெயருக்கு வாலில் ஓர் எழுத்து அதிகம். அந்த எழுத்தை மட்டும் அழித்துப் பெயரைப் பழையதாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். (சிரிக்காதீர்கள். இதை ஒரு தொழில்நுட்பம் என்றே நம்பினேன்.) அதற்கும் அது மசியவில்லை. கடைசியில் எக்செல்லிலேயே ‘பழைய வகையில் சேமி’ என்பதைக் கண்டுபிடித்தேன். அழுத்தினேன். பெட்டி வந்தது. ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கியது. ‘தொடர்க’.

மென்பொருள் கோப்பை வாயில் போட்டு விழுங்கியது.

என் இணைப்பாளர் நளீம் நானா ஏறாவூர்க்காரர். தேநீருக்குச் சீனி போடுவதையும் இரண்டு முறை சரிபார்ப்பவர். மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, வரியெல்லாம் வந்திரிக்கா எண்டு எண்ணிப் பாத்தீங்களா?”

“நானா, அது கொம்பியூட்டர். அதுக்கு எண்ணத் தெரியும்.”

“தெரியும்தான். நாம குடுத்ததத்தானே எண்ணும்,” என்றுவிட்டுப் போனார். மூத்தவர்களுக்கு நவீனம் பிடிபடாது என்று மனதுக்குள் அவரை மன்னித்தேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் வரைபடத்தைப் பார்த்தேன். நாலு ஊரின் கோடுகள் தையிலிருந்து மார்கழி வரை ஏறியும் இறங்கியும் ஓடின. கண்ணாமுனையின் கோடு மட்டும் யூன் கடைசியில் தலைகுப்புற விழுந்து, அதற்குப் பிறகு எழும்பவே இல்லை. கடைசிப் பதிவு யூன் இருபத்தேழு. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? கோப்பைத் திறந்து பார்ப்பான். நானோ படித்தவன். ஆகவே ஒரு கோட்பாடு தயாரித்தேன்.

கூட்டம் பொது மண்டபத்தில். ஐந்து ஊர் மீனவர் சங்கங்களும் வந்திருந்தன. கண்ணாமுனைக்காரர் மூன்றாம் வரிசையில். நடுவில் மாமா, சலவை மடிப்பு மாறாத சாரத்தோடு. மாதர் சங்கத்தோடு வதனி பின்னால். நான் திரையில் கோட்டைக் காட்டி, “கண்ணாமுனையில் யூன் இருபத்தேழுக்குப் பிறகு மீன்பிடி முற்றாக நின்றுவிடுகிறது,” என்றேன். மண்டபம் அமைதியாயிற்று. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

“இதைப் பொருளியலில் பின்வளையும் உழைப்பு நிரம்பல் என்பார்கள். முதல் ஆறு மாதத்தில் தேவையான அளவு வருமானம் கிடைத்துவிட்டால், சில சமூகங்களில் மேலும் உழைக்கும் ஊக்கம் குறைகிறது. கோயில் சடங்கு முடிந்த களைப்பும் ஒரு காரணியாக இருக்கலாம்.”

(ஆறு மாதக் களைப்பு. ஒலிவாங்கியில் சொன்னேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.)

மாமா எழும்பினார்.

“மருமகன், ஒரு கேள்வி.”

“கேளுங்க மாமா.” அந்த ‘மாமா’ ஒலிபெருக்கியில் விழுந்ததும் மற்ற நாலு ஊராரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யூன் இருபத்தேழுக்குப் பிறகு நாங்க தோணி இறக்கல்ல.”

“தரவு அப்பிடித்தான் சொல்லுது.”

“சரி. யூலை, ஓகஸ்ட், செத்தெம்பர் மாசமெல்லாம் நீங்க எங்க இருந்த?”

“வீட்டதான்.”

“எங்கட வீட்ட.”

“ஓம்.”

“என்ன திண்ட?”

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் என் கோட்பாடு செத்துவிடும் என்பதும் தெரிந்துவிட்டது.

“மீன்,” என்றேன்.

“எந்த நாள்?”

“ஒவ்வொரு நாளும்.”

“ரெண்டு நேரமும்,” என்று பின்வரிசையிலிருந்து வதனி திருத்தினாள்.

“அப்ப, அது ஆரு பிடிச்ச மீன், மருமகன்? நாங்க களைச்சுப் போய்ப் படுத்திருக்கக்குள்ள அது நடந்து வந்து சட்டிக்குள்ள ஏறினதா?”

மண்டபம் வெடித்தது. சிரிக்காதவர் நளீம் நானா ஒருவர்தான். அவர் எழும்பி வந்து, “முதல் செஞ்ச பைலத் திறங்க தம்பி,” என்றார். திறந்தேன். கீழே, கீழே, இன்னும் கீழே போனோம். எழுபத்து மூவாயிரம் வரியும் இருந்தன. ஓகஸ்டில் மாமா பிடித்த மணலை மீனும் இருந்தது. பிறகு பழைய வகைக் கோப்பைத் திறந்தோம். அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறாவது வரியில் உலகம் முடிந்தது. பழைய வகைத் தாளில் வரிகள் அவ்வளவுதான். அதற்கு மேற்பட்டதை வெட்டிவிடுவேன் என்றுதான் அந்தச் சின்னப் பெட்டி சொல்ல வந்திருக்கிறது. வெட்டு விழுந்தது கடைசி ஊரின் மேல். கடைசியில் போட்டது நான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன். மாமா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் உண்மையான பிரச்சினை எழும்பியது. பக்கத்து ஊர்ச் சங்கத் தலைவர் கனகு அண்ணன்.

“நல்ல கதை. மாமன் ஒரு கேள்வி கேட்டா ஒரு ஊரே அரை வருசம் கூடுதலா மீன் பிடிக்குது. இன்னொரு கேள்வி கேட்டா திமிங்கிலமும் வரும்போல! இந்த ஐஸ் அறையைப் பேசாம இவர்ர குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டுங்க.”

வெட்டுப்பட்ட வரிகளையும் சேர்த்த புதுக் கணக்குப்படி கண்ணாமுனைதான் முதலாவது. ஆனால் அந்தக் கணக்கை இனி எந்தக் கணினி சொன்னாலும் நாலு ஊரும் நம்பப் போவதில்லை. பக்கச்சார்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நான் செய்த ஒரு வேலையால், கண்ணாமுனையின் ஐஸ் அறை என் கண்முன்னே உருகிக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்க்கவே இல்லை.

“கொப்பி இரிக்குதானே,” என்றார் நளீம் நானா. “விடுபட்ட வரியெல்லாத்தையும் எல்லாருக்கும் முன்னால வாசிப்பம். தம்பி வாசிப்பார். கனகு அண்ணன் கூட்டட்டும்.”

விடுபட்டவை ஏழாயிரத்து நானூற்றுச் சொச்சம். மூன்று நாள் வாசித்தேன். அதே மண்டபம், அதே ஒலிவாங்கி. “பன்னிரண்டாம் தோணி, யூலை நாலு, இறால் மூன்று கிலோ. பன்னிரண்டாம் தோணி, யூலை ஐந்து, பூச்சியம்.” கனகு அண்ணன் முதல் வரிசையில் கல்குலேற்றரோடு இருந்து ஒவ்வொரு கொப்பியையும் வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். இரண்டாம் நாள் என் தொண்டை தவளைக்கு மாறியிருந்தது.

யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. நான் ‘பூச்சியம்’ என்று வாசிக்கும்போதெல்லாம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தலை ஆண்கள் பக்கம் திரும்பியது. தோணி இறங்காத நாள் அது. ஆனால் வீட்டில் ‘வாவிக்குப் போறன்’ என்று சொல்லிவிட்டுப் போன நாளும் அதுதான். “அண்டைக்கு எங்க போன நீங்க?” என்ற கேள்வி மண்டபத்தின் நாலு மூலையிலும் மெதுவாக முளைத்தது. மாமாவின் தோணிக்கு மட்டும் ஒரே மாதத்தில் ஐந்து பூச்சியம். ஐந்தாவதை வாசித்தபோது அவர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் கனகு அண்ணனே கையெடுத்துக் கும்பிட்டார். “போதும் தம்பி. கண்ணாமுனைதான் முதலாவது. ஒப்புக்கொள்ளுறன். எங்கட ஊர்க் கொப்பியை மட்டும் ஆரும் வாசிச்சிராதீங்க.”

ஐஸ் அறை கண்ணாமுனைக்கு வந்தது. திறப்புவிழாவில் என்னைப் பேச விடவில்லை; அது எனக்கும் நிம்மதி, கேட்பவர்களுக்கும் நிம்மதி. மென்பொருளும் பிறகு மாறிவிட்டது; இப்போதுள்ளது எதைக் கொடுத்தாலும் தின்கிறது. நானும் இப்போது வரிகளை எண்ணுகிறேன், முன்னும் ஒருமுறை, பின்னும் ஒருமுறை.

ஆனால் ஊர் அந்த எண்ணை விடவில்லை. கண்ணாமுனையில் யாராவது கண்ணில் படாதபோது ‘எங்க போனான்?’ என்று கேட்டால், ‘அறுபத்தையாயிரத்துக்குக் கீழ’ என்பதுதான் பதில். கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவானவன், கூட்டத்துக்கு வராத தலைவர், தேர்தல் முடிந்ததும் மறைந்த வேட்பாளர் எல்லாரும் அங்கேதான் கிடக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சின்னப் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

போன மாதம் வதனியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்குக் கடைசி இடம். பாயச வாளியோடு வந்த பெடியன் எனக்கு முந்தியவருக்கு ஊற்றிவிட்டு, வாளி காலி என்று திரும்பினான். நான் மரியாதைக்கு இலையை மடிக்கத் தொடங்கினேன். எதிர்ப் பந்தியிலிருந்து மாமா, எழுபத்தைந்து வயதுக் குரலை மண்டபத்தின் அந்தக் கரை கேட்க உயர்த்தினார்.

“டேய் மனே, அங்க கீழ இன்னுமொரு வரி இரிக்கு! எண்ணிப் பாத்துட்டு ஊத்து!”