நான்கு முறை வாக்களித்த எருமை

தென்கிழக்காசியத் தீவொன்றின் நடுவே இருந்த ஒரு காட்டில், 2003 மார்ச் 11, செவ்வாய்க்கிழமையன்று, காலையில் தூறலும் பத்து மணிக்குமேல் புழுக்கமுமாக இருந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் ஆண்ட புலி பதவி விலகிய பின் நடந்த முதல் வாக்கெடுப்பு அன்றுதான். காட்டின் ஒரே சேற்றுக்குட்டையை அயல்நாட்டு முதலீட்டாளருக்குக் குத்தகைக்கு விடலாமா, கூடாதா என்பது கேள்வி.

அக்குட்டையில்தான் எருமைக்கடா ஒன்று நாள்தோறும் படுத்துக் கிடந்தது. குட்டை போய்விட்டால் வெயிலில் அதன் தோல் வெடித்துவிடும். ஆகவே, 'கூடாது' என்று வாக்களிப்பதற்காக அது எல்லாருக்கும் முன்பாக வந்து வரிசையில் நின்றது.

ஒருமுறை வாக்களித்தவர் மறுமுறை வாராதபடி, அவர் நகத்தில் கறுப்பு மை தடவுவது விதி. வாக்குச்சாவடி அலுவலரான சருகுமான், எருமையின் குளம்புகளைக் குனிந்து பார்த்தது.

"ஐயா, தாங்கள் ஏற்கெனவே நான்கு முறை வாக்களித்துவிட்டீர்கள்."

"என் குளம்பு பிறவியிலேயே கறுப்பு, அம்மா."

"காகமும் இதையேதான் சொல்லிற்று. அதனையும் திருப்பி அனுப்பிவிட்டேன்."

எருமையின் முதுகில் இருந்த உண்ணிக்கொக்கு குறுக்கிட்டது. "ஆறாண்டுகளாக இவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புத்தான். நான் சாட்சி."

"பார்வையாளர்கள் வாக்காளர்மீது உட்காரக் கூடாது" என்றது சருகுமான். "அடுத்தவர் வரலாம்."

எருமை நேரே சுண்ணாம்புக் குன்றுக்குச் சென்றது. நான்கு குளம்புகளிலும் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு திரும்பி வந்தது. சருகுமான் வாக்காளர் பட்டியலை இருமுறை புரட்டிப் பார்த்தது.

"வெள்ளைக் குளம்புள்ள எருமை எதுவும் இக்காட்டில் இல்லை. தாங்கள் அயல்நாட்டவர். வாக்குரிமை கிடையாது."

எருமையின் கண்கள் கலங்கின. சருகுமானோ எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்து, முன்னால் நகர்த்தி வைத்தது.

"முதலீட்டாளருக்கு வரிசை இல்லை. அமருங்கள். இளநீர் அருந்துகிறீர்களா?"

"இவர் என்ன சொல்கிறார்?" என்று எருமை முணுமுணுத்தது.

"வாயைத் திறக்காதீர்" என்று கொக்கு அதன் காதில் சொன்னது. "இனி நான் உம்முடைய மொழிபெயர்ப்பாளர்."

குத்தகைக்கு விடலாம் என்ற தீர்மானம் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் வென்றது. சேற்றுக்குட்டை, வரிவிலக்குடன், தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு அயல்நாட்டு எருமைக்கு வழங்கப்பட்டது. எருமை அதில் படுத்துக்கொண்டது. அரசின் ஆண்டறிக்கை இதனைச் 'சேற்றுத்துறையின் வளர்ச்சி' என்று குறிப்பிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் சருகுமான் ஆய்வுக்கு வரும். வியாழன் மாலைதோறும் எருமை சுண்ணாம்பு பூசிக்கொள்ளும்.

நீதி: பிறந்த மண்ணில் நிம்மதியாகப் படுத்திருக்க விரும்புவோர், முதலில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.