ஆணியில்லாத அலமாரி

“எனக்கென்னவோ இது இங்கிலீஷ்காரன் வேலையாத்தான் தெரியுது,” என்றாள் வெர்னா புரூபேக்கர், சமையலறை அலமாரியைக் காட்டி.

எஃப்ரைம் லாண்டிஸுக்குச் சுருக்கென்றது. பழைய மரச்சாமானைத் தடவிப் பார்த்தே அதன் பூர்வீகத்தைச் சொல்பவர் என்று, ஜெர்மன் வம்சாவளியினர் நிறைந்த லங்காஸ்டர் வட்டாரம் முழுக்க அவருக்குப் பெயர். அவரிடமா?

அந்த வால்நட் மர அலமாரி யானை மாதிரி நின்றது.

“காலைப் பாருங்க. பந்து மாதிரி உருண்டை. அசல் ஜெர்மன் தச்சன் கை.”

“உருண்டையா யாரு வேணா கடையலாமே.”

“இதுல ஒரு இரும்பாணி கிடையாதுங்க! எல்லாம் மர ஆப்பு.”

“உள்ளே ஒளிஞ்சிருந்தா?”

லாண்டிஸ் நாற்காலியில் ஏறினார். நாலு ஆப்பை உருவி, மேல்முகட்டை இறக்கிக் காட்டினார். ஆணி இல்லை.

“மேலே இல்ல, சரி. கதவுல?”

கதவுகள் இறங்கின. வெர்னா ஒரு துண்டு ஆப்பிள் பை கொடுத்தாள். அதைத் தின்று முடிப்பதற்குள், “முதுகுப் பலகையில இருக்கும்னு நினைக்கிறேன்,” என்றாள்.

அதுவும் வந்தது. தட்டுகளும் வந்தன. அடுப்பங்கரை முழுக்கப் பலகை. கால் வைக்க இடமில்லை.

“இப்ப ஒத்துக்கிறீங்களா? சுத்தமான ஜெர்மன்!”

“ஒத்துக்கிட்டேன். அதை அப்படியே மாட்டிருங்களேன்.”

“அஞ்சே நிமிஷம்.”

இடப்பக்கச் சட்டத்தை நிமிர்த்தினார். வலப்பக்கம் சாய்ந்தது. அதைப் பிடிக்க ஓடினார், இடப்பக்கம் சாய்ந்தது. நடுவில் புகுந்து இரண்டையும் இரு கைகளால் தாங்கினார். ஆப்புகளோ தரையில். குனிந்தால் மொத்தமும் தலைமேல்.

“ஏதாவது சிக்கலா?”

“சிக்கலா? எனக்கா? இந்த ஜாதி அலமாரி எல்லாம் எனக்கு அத்துப்படி,” என்றார், மூக்கு நுனியில் வேர்வை சொட்ட.

அப்போது கொல்லைக் கதவு திறந்தது. வெர்னாவின் கணவர் ஹார்வி கயிற்றோடு உள்ளே வந்தார். லாண்டிஸ் அந்தக் கயிற்றையே பார்த்தார். பரம்பரைச் சொத்தைச் சுள்ளி போலப் பரப்பி வைத்தவனை எந்த மனுஷன் சும்மா விடுவான்?

ஹார்வி பலகைகளைப் பார்த்தார். சிலுவை போல நின்றவரைப் பார்த்தார். மனைவியின் தோளைத் தட்டினார்.

“கெட்டிக்காரிடி! மூணு வருஷமா முழுசா மாடிக்கு ஏத்த முடியாம கிடந்துச்சு. மேலே கொண்டுபோனதும் ‘உங்களால மாட்ட முடியாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாரு.”