தீ விபத்துச் செய்திக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் ஊர்ப் பத்திரிகையை வாராவாரம் கடைசிப் பக்கம்வரை படிக்கிறேன். அதில் என் பெயர் வராமலிருப்பது எனக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. நேற்று, வியாழக்கிழமை, அது போயிற்று.

"சனிக்கிழமை காலை, பீகன் தெரு, மேரியன் ட்ரோஸ்ட் வீட்டுக் கொல்லையில் தீ. தீயணைப்புத் தொண்டர் படையினர் நால்வர் மூன்று மணி நேரம் போராடினர்" என்று போட்டிருக்கிறீர்கள். போராடியது உண்மை. ஆனால் அணைப்பதற்காக அல்ல, எரியவைப்பதற்காக.

நடந்தது இதுதான். என்னிடம் இருப்பது, கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் சின்னப் புகையடுப்பு. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெருப்புப் பெட்டி ஒரு வாளி அளவுதான். அதில் கரி போடச் சொல்லித்தான் அடுப்போடு வந்த குறிப்பு இருந்தது. ஆனால் விறகுப் புகைக் கறிக்குப் பேர்போன டெக்ஸஸில் பிறந்துவிட்டு மாட்டு நெஞ்சுக்கறியைக் கரியில் வேகவைத்தேன் என்று யாரிடம் சொல்வது? இரண்டு புத்தகம் படித்துவிட்டு ஓக் விறகு வாங்கினேன். பெட்டி எத்தனை சிறியது என்று இரண்டு புத்தகமும் கேட்கவில்லை. முழங்கை நீளக் கட்டைகள் மூன்றைத் திணித்தேன், தீ பெரிதாகிவிடுமோ என்று பயந்து காற்று வரும் வழியையெல்லாம் அடைத்தேன், ஐந்து நிமிடத்தில் வெள்ளைப் புகை கூரைக்கு மேலே போயிற்று, பக்கத்து வீட்டில் யாரோ போன் செய்தார்கள், சங்கை ஊதிக்கொண்டு வண்டி வந்தது, படைத்தலைவர் லானி வ்ரானா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்து மூடியைத் திறந்து பார்த்தவர் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏம்மா, இதுல தீயே இல்லையே. இந்தப் புகையில வெந்தா கறி கசந்துரும், நாய்கூடத் தொடாது."

தண்ணீர் அடிக்க வேண்டாமா என்று கேட்டேன். உள்ளே கறி இருக்கும்போதா என்று நால்வரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு வண்டியிலிருந்த கோடரியால் கட்டைகளை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்தார்கள். நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு துண்டு போதும் என்று மூவர் சொல்ல, ஒருவர் பதினைந்து என்று சாதித்தார். புகை மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலமாகும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மாலையில் ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

உங்கள் செய்தியை இரண்டு ஊர் தள்ளித் தங்கை வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரம்மா, திருமதி ஒட்டிலி குபேனா படித்துவிட்டார். இன்று காலை போன் வந்தது.

"எங்கப்பா கையால கட்டுன வீடு அது. நெருப்போட விளையாடுறவங்களுக்கு நான் வீடு விடுறதில்ல. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரும்மா."

எனக்கு இந்த ஊரில் வேறு வீடு கிடையாது. மூன்று வருடமாக என்னை யாரும் எதுவும் கேட்காத ஒரே வீடு இது. கெஞ்சியதில், ஞாயிறன்று நேரில் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அவர் கண்முன்னே விறகில் சமைத்துக் காட்டப் போகிறேன். தாங்களும் வரும் இதழில், அந்த வீட்டில் தீ விபத்து நடக்கவில்லை, நடக்கவும் வழியில்லை என்று இரண்டு வரி போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

தங்கள் துணைவியாருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். தங்கள் பத்திரிகை நூறாண்டு வாழட்டும்.

பணிவுடன்,
மேரியன் ட்ரோஸ்ட்

பி.கு.: இன்று திங்கள். கடிதத்தை இன்னும் அஞ்சலில் சேர்க்கவில்லை. நேற்று திருமதி குபேனா நாற்காலி போட்டு அடுப்பருகே உட்கார்ந்துகொண்டார். அடுப்பு அழகாக எரிந்தது. நடுவில் பெட்டியிலிருந்து வாரிய சாம்பலை வேலியோரம் கொட்டினேன். உள்ளே கங்கு இருந்திருக்கிறது. வேலியில் எட்டுப் பலகை போயிற்று. மறுபடியும் வண்டி வந்தது. நான் வேலியை நோக்கி ஓட, திருமதி குபேனா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேலிய அவனுங்க பாத்துக்குவானுங்க. நீ எங்க ஓடுற? விறகு போடுற நேரம்."

பாதிக் கறியைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறும் வருவதாகவும் அதுவரை நான் வீடு எதுவும் தேட வேண்டாமென்றும் சொல்லிவிட்டுப் போனார். எனவே திருத்தம் தேவையில்லை. தங்கள் செய்தி முற்றிலும் சரி. தீப்பிடித்த நாளை மட்டும் எட்டு நாள் முந்திப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.