பதிலுக்குப் பதில் கவிஞரின் நோட்டு

ரசிகர்களைக் கண்டு ஓடும் கவிஞர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ரசிகர்களை ஓடவிட்ட கவிஞர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆலங்குடியில் என் பஞ்சர் கடைக்கு நேர் எதிர்வீடு. தெருவில் அவருக்குப் பெயர் ‘பதிலுக்குப் பதில்’ கவிஞர்.

டிவியில் வருகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் கூட்டம். கல்யாணப் பத்திரிகையில் கையெழுத்துக் கேட்பார்கள், ஹால் டிக்கெட்டில் கேட்பார்கள். கை ஒடிந்த ஒருவன் மாவுக்கட்டையே நீட்டினான். கவிஞர் ஒருநாள் குளியலறைக்குள் ஒளிந்து பார்த்தார். கதவுக்கு அடியில் ஒரு தாள் உள்ளே வந்தது. பின்னாலேயே ஒரு பேனாவும்.

அன்றைக்குப் பிறந்தது அந்தச் சட்டம். அவர் கையெழுத்து வேண்டுமென்றால், கேட்கிறவரும் பதிலுக்கு அவருடைய நோட்டில் பேர், ஊரோடு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போதாது, அது அவருக்குப் பிடிக்கவும் வேண்டும்.

“என்னங்க இது, முறுக்கு பிழிஞ்ச மாதிரி இருக்கு? இன்னொரு தடவ போடுங்க.”

“ஐயா, நான் ஹெட்மாஸ்டருங்க.”

“அதான் கேக்குறேன். பிள்ளைக எதப் பாத்துப் படிக்கும்?”

ஹெட்மாஸ்டர் ஐந்தாவது தடவையில் தேறினார். அடுத்து நின்ற மூன்று பேர் அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

கூட்டத்தை விரட்டப் போட்ட சட்டத்தில் கடைசியில் மாட்டிக்கொண்டவர் அவர்தான். சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டு அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டிச் சிரிப்பார். தன் சொந்தப் புத்தகத்தைக்கூட அவர் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

கட்டுமாவடியிலிருந்து கருவாடு விற்க வரும் அக்கா ஒருநாள் கையெழுத்துக் கேட்டது. “பதிலுக்குப் போட எனக்கு எழுத வராதுங்கய்யா” என்றது.

“வந்ததப் போடு ஆத்தா.”

அக்கா ஒரு மீன் வரைந்தது, செதில் செதிலாக. அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் அன்றைக்குக் கவிஞர் சாப்பிட்டார்.

நான் மட்டும் கேட்டதே இல்லை. அவரும் விடமாட்டார். “டேய், எட்டாங் கிளாஸு, ஒனக்குக் கையெழுத்து வேணாமா?”

“வாங்கி என்ன செய்யங்கய்யா? டியூப்ல ஒட்டுனா காத்து நிக்குமா?”

“ஒனக்குப் போட்டா என் பேனாவுல காத்து எறங்கிரும்டா.”

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் மனு மாமா வந்து சேர்ந்தார். திங்கட்கிழமை புதுக்கோட்டைக்குப் போய்க் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்காவிட்டால் மாமாவுக்குச் சோறு இறங்காது. அப்போது கட்டுமாவடிக்கு நேர் பஸ் கேட்டுக்கொண்டிருந்தார். ஒற்றை ஆள் மனு எடுபடவில்லை.

ஒரு திங்கட்கிழமை கவிஞர் வெளியூரில். நோட்டு நாற்காலியிலேயே கிடந்தது. மாமா எடுத்துப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பேர், ஊர், கையெழுத்து. எங்கள் பக்கம் அப்படி ஒரு நோட்டைப் பார்த்தால் அது எதற்கென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எலேய், பஸ்ஸுக்குத்தானே வாங்கியிருக்காரு?”

எனக்கு விஷயம் தெரியும். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? “பின்ன எதுக்கு மாமா? ஒங்களுக்காகத்தான் ராப்பகலா வாங்குனாரு” என்றேன். மாமா தெருமுனை தாண்டுவதற்குள் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் ஒரு லாரி டயர் வந்துவிட்டது. மாமா நோட்டுக்கு மேலே மனுவை வைத்துத் தைத்து, புதுக்கோட்டையில் கொடுத்தே விட்டார். திரும்பும்போது கையில் ரசீது மட்டும்தான் இருந்தது.

இரண்டே மாதத்தில் பஸ் வந்துவிட்டது. டிரைவருக்கு ஒரு மாலை, கவிஞருக்கு ஒரு மாலை. கவிஞர் கம்பீரமாகப் பேசினார். “இருவது புத்தகம் எழுதுனேன், ஒரு சைக்கிள்கூட நகரல. ஒரு நோட்டு பஸ்ஸையே நகத்திருச்சு.” ஊரே கைதட்டியது.

ஆனால் நோட்டுப் போனதிலிருந்து அவர் யாரிடமும் பதில் கையெழுத்துக் கேட்கவில்லை. நீட்டின தாளில் எல்லாம் தலையைத் தூக்காமல் போட்டுக் கொடுத்தார். முறுக்கும் இல்லை, சிரிப்பும் இல்லை. புது பஸ்ஸில் வந்திறங்கிய கருவாட்டு அக்கா, “எம் மீனு பத்திரமா இருக்காய்யா?” என்று கேட்டது.

“இருக்கு ஆத்தா. கலெக்டர் ஆபீஸ்ல இருக்கு” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்கு மதியம் நான் கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படி ஏறினேன்.

“ஐயா, மாமாவ ஏத்திவிட்டது நாந்தான்.”

“தெரியும். மாமா அன்னைக்கே சொல்லிட்டாரு.”

“எனக்கொரு கையெழுத்து வேணுங்க.”

கவிஞர் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “எதுல போட?”

கொண்டுபோனது அந்த ஒரு நோட்டுதான். அது அவருக்கு. நான் உள்ளங்கையை நீட்டினேன். கிரீஸ் மேலேயே போட்டார். பிறகு நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தை என் முன்னால் வைத்தார். நான் போட்டேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

“என்னடா இது, கழட்டிப் போட்ட டியூப் மாதிரி? இன்னொரு தடவ போடு.”

பதினொன்றாவது தடவைதான் தேறினேன். முதல் தடவையே ஒழுங்காகப் போட எனக்குத் தெரியும்.