ராக்கெட்டார் அனுப்பிய திருநீறு

ஊவா மாகாணத்திலிருந்து விண்வெளிக்குப் பொருள் அனுப்பிய ஒரே மனிதர் எங்கள் ராக்கெட்டார்தான். மறுப்பவர்கள், அந்தத் தகர டப்பா எங்கே விழுந்தது என்று முதலில் சொல்லட்டும்.

ஹல்துமுல்லைக்கு மேலே நான் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்த தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்கு விறகு போடுகிறவர் அவர். திருவிழாவுக்கு வாணம் கட்டுவதும் அவரே. எண்பதில் இந்தியா சின்னதொரு ராக்கெட்டில் செயற்கைக்கோளை ஏற்றிவிட்டது என்று ரேடியோ சொன்ன நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“நாலு அடுக்கு மாஸ்டர். நாலுலயும் கெட்டி மருந்து. நம்ம வாணமும் கெட்டி மருந்துதானே? அடுக்குதான் பாக்கி.”

“நடுவுல நிறுத்த முடியுமா?” என்றேன். எனக்கு எதிலும் பயம்.

“காலையில ஆள் எண்ணுற பெரட்டுல தொரை ஏச ஆரம்பிச்சா நிறுத்த முடியுமா? தீர்ற வரைக்கும் போகும்.”

அவருடைய அவசரத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது. ஓடைக்கு மேலே தொழிலாளர் வரிசை வீடுகளாக ஒரு லயம், கீழே ஒரு லயம். சாமி தேர் எந்தப் பக்கம் முதலில் போவது என்று முந்திய வருடம் சண்டை மூண்டு, இரு பக்கமும் பேச்சை விட்டிருந்தன. அவர் கீழ் லயம். மனைவி மேல் லயத்துப் பெண். தாய்வீட்டுக்குப் போக முடியாத கோபத்தை அந்த அம்மாள் குழம்பில் காட்டினார்.

“ஒரு வருசமா உப்பு இல்ல மாஸ்டர். டப்பாவுல திருநீறு வச்சு மேல அனுப்புறேன். நாலாவது அடுக்கு வெடிச்சுச் சிதறி ரெண்டு பக்கமும் ஒண்ணா விழுந்தா, எவன் முந்தினவன்?”

இரு லயத்துத் தலைவர்களும் ஒப்புக்கொண்டார்கள். காற்று தன் பக்கம்தான் அடிக்கும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

மூங்கில் குழாய்களை ரேஷன் மாவுப் பசையால் ஒட்டினார். பனிமூட்டத்தில் பசை காயவில்லை. கொழுந்து வாட்டும் மாடியில் கொண்டுபோய்ப் பரப்பினார். அதைப் பார்த்த ஸ்டோர் அதிகாரி டீமேக்கர், “என்னய்யா இது, கொழுந்துக்கு நடுவுல?” என்றார்.

“மருந்துங்க. அடுப்புக் கிட்ட வைக்கலீங்க, பயப்படாதீங்க.”

டீமேக்கர் இரண்டிரண்டு படியாக இறங்கினார். அந்த வாரம் முழுக்க அவர் மாடி ஏறவில்லை.

திருவிழா மாலையில், ரேடியோவில் கேட்டபடி என்னைப் பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். பெரட்டில் ஆள் எண்ணிப் பழகிய சனம். பத்து, ஒன்பது, எட்டு என்று நான் இறங்க, ஒரு கிழவர், “என்னங்க, ஆளு கொறஞ்சுக்கிட்டே போவுதே?” என்று கவலைப்பட்டார்.

வாணம் சீறி ஏறிப் பனிமூட்டத்துக்குள் புகுந்தது. மூன்று வெடி கேட்டது. நான்காவது கேட்டதா என்று எனக்கு இன்றுவரை நிம்மதியில்லை.

யார் தலையிலும் திருநீறு விழவில்லை. கீழ் லயத்தார் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்கள்: “ஒங்க பக்கம் விழுந்துச்சா?”

“இல்லப்பா. ஒங்க பக்கம்?”

ஒரு வருடத்துக்குப் பின் பேசிய முதல் பேச்சு அது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தார் டப்பாவை மறைத்துவிடுவார்களோ என்று இருவருக்கும் சந்தேகம். இரு பக்கமும் அரிக்கன் லாம்புடன் ஓடையைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கடியில் தலை முட்டத் தேடின. டப்பா கிடைக்கவில்லை. ராக்கெட்டாரின் மனைவி மட்டும் தேடவில்லை. தாய்வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தபடியே ராக்கெட்டார் என்னிடம் சொன்னார்: “விழலேன்னா என்னா அர்த்தம் மாஸ்டர்? சுத்திக்கிட்டு இருக்கு.”

இப்போது பதுளையில் இருக்கிறேன். மேகம் விலகிய மாலைகளில் நட்சத்திரங்களை எண்ணுவேன். ஒன்று கூடுதலாக வந்தால், மறுபடி எண்ணிச் சரிபார்ப்பதில்லை.